ஒழுங்கின்மையின் இரு நீளங்கள்

விக்ரோலி சோப்பின் ஊர். தாவர எண்ணெய்ச் சோப்பால் பெயர்பெற்ற கோத்ரெஜ் குழுமம் பல பத்தாண்டுகளாக அங்கே வேரூன்றி நிற்கிறது. எண்ணெயையும் நீரையும் சேர்த்துவைக்கும் அந்தப் பழகிய பொருளைச் சுற்றி ஒரு கேள்வி இன்னும் ஓயவில்லை: சேர்ந்தபின் அவ்விரண்டும் உள்ளே எவ்வாறு அமைகின்றன?

சாதாரணப் பால்மம் வெளுத்திருக்கும், நாளடைவில் பிரிந்துவிடும். நுண்பால்மம் அப்படியன்று. ஹோரும் ஷுல்மனும் 1943இல் விவரித்து, 1959இல் ‘மைக்ரோஎமல்ஷன்’ எனப் பெயர்பெற்ற இக்கலவை தெளிவானது. வெப்ப இயக்கவியல்படி நிலையானது. சில பத்து நானோமீட்டர் அளவில் எண்ணெயும் நீரும் பிரிந்து நிற்க, இடையே சோப்பு வகை மூலக்கூறுகள் மெல்லிய படலமாய் விரிகின்றன. இரண்டும் ஏறத்தாழச் சமமாக உள்ளபோது ஒன்று துளியாகச் சிறைப்பட வேண்டியதில்லை. இரண்டுமே அறுபடாமல் தொடரலாம் என்று 1976இல் ஸ்க்ரிவன் சொன்னார்.

இத்தகைய சிக்கலை எப்படி வரைவது? உலோகக் கலவைகள் பிரிவதை ஆராய்ந்த கான், 1965இலேயே ஒரு வழி காட்டியிருந்தார். ஒரே அலைநீளமுள்ள எண்ணற்ற அலைகளை எல்லாத் திசைகளிலும், தற்செயலான கட்டங்களோடு கூட்டினால் ஒரு காஸியன் சமவாய்ப்புப் புலம் கிடைக்கும். அதன் மதிப்பு நேராக உள்ள இடம் நீர். எதிராக உள்ள இடம் எண்ணெய். சுழியாகும் பரப்பு சோப்புப் படலம். 1987இல் பெர்க் இதை நுண்பால்மத்திற்குக் கொண்டுவந்தார்.

தாளில் வரைந்த குறுக்குவெட்டு இங்கே ஏமாற்றும். விக்ரோலியின் கிழக்கே தாணே கழிமுகச் சதுப்புநிலக் காட்டை மேலிருந்து நோக்கினால் இது விளங்கும். நீர் எங்கும் தொடர்ந்தால் நிலம் தீவுகளாகும். நிலம் தொடர்ந்தால் நீர் குட்டைகளாகும். தளத்தில் ஒன்று மற்றொன்றை வெட்டியே தீரும். முப்பரிமாணத்தில் ஒன்று மற்றொன்றின் மேலும் கீழும் சென்று தப்பிவிடலாம். வெட்டுமட்டத்தை நகர்த்தி ஒரு கூறை ஏறத்தாழ 16 விழுக்காடுவரை குறைத்தாலும், இம்மாதிரியில் இரண்டும் தொடர்ந்தே இருக்கின்றன.

அதே 1987இல் டொய்ப்னரும் ஸ்ட்ரேயும் சிதறல் வரைகோட்டிற்கு ஓர் எளிய சூத்திரம் தந்தனர். அதில் இரண்டு நீளங்கள் கிடைக்கும்: எண்ணெயும் நீரும் மாறிமாறி வரும் இடைவெளி ஒன்று, அந்த முறைமை நினைவிழக்கும் தொலைவு மற்றொன்று. விக்ரோலிக்குத் தெற்கே டிராம்பேயில், 1985இல் இயங்கத் தொடங்கிய துருவா உலையின் சிறுகோண நியூட்ரான் சிதறல் கருவி இத்தகைய அளவீடுகளுக்கு உரியது. சாதாரண நீருக்குப் பதில் கனநீரை இட்டால், நியூட்ரானின் பார்வையில் எண்ணெயும் நீரும் தெளிவாக வேறுபடும்.

வரைகோடு புள்ளிகளின் மேல் அழகாகப் பொருந்துகிறது. உதவித்தொகை முடியும் ஆண்டில் ஆய்வு மாணவருக்கு இதைவிட ஆறுதல் வேறில்லை. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. சிதறல் செறிவில் அலைகளின் கட்டம் பதிவாவதில்லை. வேறுபட்ட அமைப்புகள் ஒரே வரைகோட்டைத் தரக்கூடும். நெருங்கி அடுக்கிய துளிகளும் ஓர் அகன்ற முகட்டைக் காட்டும். இரண்டு நீளங்கள் தரவிலிருந்து வருகின்றன. இருதொடர்ச்சியோ மாதிரியின் எடுகோளாக முன்பே உள்ளே அமர்ந்திருக்கிறது.

ஆகவே சாட்சி வேறிடத்திலிருந்து வர வேண்டும். மின்கடத்துதிறன் ஓரளவு உதவும்; ஆனால் நெருங்கிய நீர்த்துளிகளும் மின்னைக் கடத்துவதுண்டு. லிண்ட்மன் குழுவினர் கையாண்ட காந்த ஒத்ததிர்வு வழிப் பரவல் அளவீடு இன்னும் நேரானது. துளிக்குள் அடைபட்ட மூலக்கூறு துளியின் வேகத்திலேயே நகரும். தொடர்ந்த வழியில் செல்வதோ தூய திரவத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தில் விரையும். எண்ணெய், நீர் இரண்டுமே விரைந்தால் ஐயம் பெருமளவு நீங்கும்.

‘இக்கலவை இருதொடர்ச்சி உடையது’ என்பதும், ‘இருதொடர்ச்சி மாதிரியோடு இத்தரவு முரண்படவில்லை’ என்பதும் ஒரே வாக்கியம் அல்ல. முதல் வாக்கியத்தை எழுதப் பரவல் அளவீடும் கையில் இருக்க வேண்டும். இல்லாதபோது இரண்டாவதை எழுதுவது ஆய்வேட்டிற்குக் குறைவன்று.