500 பேர்ல நாம எத்தனை பேர்?

மச்சு பிச்சுவுக்கு ரயில் இருக்கு. இருந்தாலும் இன்கா பாதையில நாலு நாள் நடந்துதான் போவேன்னு அடம்பிடிக்கிற ஆளா நீங்க? ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அதுல பாதிக்கு மேல வழிகாட்டிகளும் சுமை தூக்குறவங்களும்தான்.

4,215 மீட்டர் உயரத்துல இருக்கிற வார்மிவானுஸ்கா கணவாய்ல, பத்து படிக்கு ஒருதரம் நின்னு மூச்சு வாங்கினோம். எங்க கூடாரம், அடுப்பு, அரிசி எல்லாத்தையும் முதுகுல கட்டினவங்க கெச்சுவா மொழியில பேசிக்கிட்டே எங்களைத் தாண்டிப் போனாங்க. இரும்பும் சக்கரமும் இல்லாம இந்தப் படிகளைப் போட்ட இன்காக்கள் பேசினதும் அதே கெச்சுவாதான்.

கடைசி நாள் விடியறதுக்கு முன்னாடி நாங்க சூரிய வாசலுக்குக் கிளம்பினோம். அவங்க மூட்டை கட்டிக்கிட்டு ரயிலைப் பிடிக்க இறங்கிட்டாங்க.

முன்பதிவு பண்ணும்போது விலையை மட்டும் கேட்காதீங்க. ஒரு ஆளு எத்தனை கிலோ தூக்குறாரு, என்ன கூலின்னும் கேளுங்க.