பற்பல கடனீந்தோர்

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு சின்ன வித்தை தெரியும். இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லையா? வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் போனால், எங்கேயோ இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படலாம். 54-ஐ 45 என்று எழுதினால் வித்தியாசம் 9.

இந்த வித்தை தெரிந்த நான்தான், 2006-ல் ஒரு பிளஸ் டூ கணக்குப்பதிவியல் கைடில், 54,000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 45,000 என்று அச்சாக விட்டேன்.

அப்போது ஒரு பதிப்பகத்தின் தயாரிப்புப் பிரிவில் இருந்தேன். மாதச் சம்பளம், சுழல் நாற்காலி, சிவப்புப் பேனா. டி.டி.பி. வேலையை மட்டும் வெளியே கொடுப்போம். அதைச் செய்து தந்தவர் நெட்டுக்குப்பத்துக்காரர். எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய மீனவக் கிராமம். அப்பாவுக்குக் கட்டுமரம், இவருக்கு பேஜ்மேக்கர். வீட்டு முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். பக்கத்திலேயே எண்ணூர் அனல் மின் நிலையம். 2017-ல் மூடிவிட்டார்கள், அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது. ‘கரன்ட் அடிக்கடி போவும் சார், சாம்பல் மட்டும் கட்டே ஆவாது’ என்பார். கீபோர்டு மேல் வீட்டம்மாவின் பழைய புடவையைப் போர்த்தி வைத்திருப்பாராம். புரூஃபை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்து, ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பார். நான் கூப்பிடும் வரை. சில நாள் கூப்பிட மறந்துவிடுவேன்.

அந்தத் தப்பான எண் இருந்த வரியின் பெயர், ‘பற்பல கடனீந்தோர்’. சன்ட்ரி கிரெடிட்டர்ஸ். புரியும்படி சொன்னால், நாம் யாருக்கெல்லாம் பணம் தர வேண்டுமோ, அவர்கள்.

புத்தகம் கடைக்குப் போன பிறகு ஒரு வாத்தியார் போன் பண்ணினார். பிழைதிருத்தச் சீட்டு அடித்து, ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டினோம். “யார் தப்பு?” என்று மேலே இருந்து கேள்வி வந்தது. “டி.டி.பி. தப்பு சார்” என்றேன். யோசிக்கக்கூட இல்லை. 14,000 ரூபாய் பில்லில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் வவுச்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். “பரவால்ல சார். அடுத்த புக்கு எப்போ?”

2008-ல் பதிப்பகம் எங்கள் பிரிவையே சுருக்கியது. எனக்கு வேலை கிடைத்தது, சென்னையில் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பக்கம் அமைத்துத் தரும் ஒரு கம்பெனியில். உங்களில் பலருக்கு இந்தத் தொழில் தெரிந்திருக்காது. லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் நியூயார்க்கிலும் வெளியாகும் ஆராய்ச்சி இதழ்களில் கணிசமானவை சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் பக்கங்களாகின்றன. அங்கே உள்ளேயே செய்துகொண்டிருந்த வேலையை, செலவு குறையும் என்று 1990-களில் இங்கே தள்ள ஆரம்பித்தார்கள்.

நான் சிவப்புப் பேனாவைக் கொடுத்துவிட்டு மஞ்சப்பையை வாங்கிக்கொண்டேன். மெயிலில் என் பெயர் இருக்காது. ‘டியர் டீம்’ என்றுதான் வரும். எத்தனை மணி நேரத்தில் முடித்தோம், எத்தனை பக்கத்துக்கு எத்தனை பிழை என்று மாதா மாதம் மார்க் போடுவார்கள். பரீட்சை எழுதி முடித்துவிட்டோம் என்று நினைத்திருந்த முப்பது வயதில், மறுபடி ராங்க் கார்டு.

இதில் நான் முதல் ஆள் இல்லை என்று ஒரு ஆறுதல். 1761-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தபோது, அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்களின் அச்சு இயந்திரத்தையும் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அதை வேப்பேரியில் இருந்த ஜெர்மன் பாதிரியார் ஃபப்ரீசியஸிடம் ஒப்படைத்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: கம்பெனி வேலை வந்தால் அதை முதலில் முடித்துத் தர வேண்டும். தமிழ்–ஆங்கில அகராதிக்காக உழைத்துக்கொண்டிருந்த மனிதர், சர்க்கார் உத்தரவுகளுக்கும் நடுவே நேரம் தேட வேண்டியதாயிற்று. அகராதி 1779-ல் வந்துவிட்டது. அவருக்கும் யாராவது ‘அர்ஜென்ட்’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு ராத்திரி லண்டனிலிருந்து கோபமாக ஒரு மெயில். ஒரு கட்டுரையின் அட்டவணையில் தப்பான எண் அச்சாகிவிட்டது, அது உங்கள் பிழை என்று. ஃபைலைத் திறந்து பார்த்தேன். எண் ஆசிரியர் அனுப்பியதுதான். எங்கள் பெண் ஒருத்தி அதைக் கவனித்து, ‘இது சரியா?’ என்று ஓரத்தில் கேள்வியே போட்டிருந்தாள். யாரும் பதில் சொல்லவில்லை. ஆதாரம் கையில் இருக்கிறது என்று மேலாளரிடம் துள்ளினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “சாரி சொல்லி முடிச்சிடுங்க. அடுத்த வருஷ கான்ட்ராக்ட் இருக்கு.”

சாரி சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு பிழைப் புள்ளி ஏறியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தூக்கம் வராமல் புரண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண்ணூரில் இறங்கி, நெட்டுக்குப்பத்துக்குக் கேட்டுக் கேட்டுப் போனேன். “இன்னா சார், இம்மாந்தூரம்?” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இப்போது கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேலைதானாம். அந்தக் கைடைப் பற்றித் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தேன். அவர் பரணில் இருந்து ஒரு கட்டை இறக்கி, தூசி தட்டி, ஒரு புரூஃப் தாளை உருவினார்.

கையெழுத்துப் பிரதியிலேயே 45,000 என்றுதான் இருந்திருக்கிறது. புரூஃபின் ஓரத்தில் பென்சிலால் அவர் எழுதியிருந்தார்: ‘கூட்டல் வரலையே சார்?’ அதற்குக் கீழேயே சிவப்பு மையில் ‘ஓகே’. பக்கத்தில் என் இனிஷியல்.

“இதை அன்னைக்கே காட்டியிருக்கலாமே?”

“காட்டியிருந்தா அந்த பில்லு முழுசா வந்திருக்கும் சார். அடுத்த புக்கு வந்திருக்குமா?”

வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர்தான் எங்களுக்கு வேலை செய்தார். கணக்குப் புத்தகத்தில் அவர் நமக்குக் கடன் கொடுத்தவர், நாம் கடன்பட்டவர்கள். ஆனால் ரிசப்ஷனில் கைகட்டி உட்கார்ந்திருந்தது அவர். எந்தக் கல்லூரியிலும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

கவரை நீட்டினேன். “அய்யோ, வேணாம் சார்” என்பார், நானும் வற்புறுத்திவிட்டுக் கண்கலங்கத் திரும்பலாம் என்று மனசுக்குள் ஒரு காட்சி வைத்திருந்தேன். அவர் வாங்கினார். எச்சில் தொட்டு எண்ணினார். 7,000. மேஜை டிராயரிலிருந்து பில் புக்கை எடுத்து, கார்பன் வைத்து, ரசீது எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

மடித்துப் பையில் வைக்கப் போனேன்.

“ஒரு தபா சரியா பாத்துக்கோங்க சார்” என்றார்.

இந்தத் தடவை பார்த்தேன்.