411-இல் நான் எழுதிய பொய்

2008-ஆம் ஆண்டு இலங்கையில் எலிக்காய்ச்சல் பெரிதாகப் பரவியது. 7000-க்கும் மேற்பட்டோர் நோயாளிகளாகப் பதிவானார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. அப்போது நான் அங்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.). ரிவர்ஸ்டன் சரிவிலிருந்த சில வயல் கிராமங்கள் என் பொறுப்பில் இருந்தன. அவற்றில் ஒன்றில் ஒருவர் இறந்தார். அந்தச் சாவில் எனக்குப் பங்கு உண்டு.

என் வேலை என்னவென்று தெரிந்தால்தான் என் குற்றத்தின் அளவு உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி தன்னிடம் வருகிறவரைப் பார்க்கும். வராதவரைத் தேடிப் போவது சுகாதார மருத்துவ அதிகாரியின் (எம்.ஓ.எச்.) அலுவலகத்தின் கடமை. 1926-இல் களுத்துறையில் தொடங்கிய ஏற்பாடு அது. தாயையும் பிள்ளையையும் பார்க்கக் குடும்பநல மாது வீடு வீடாகப் போவார். தொற்றுநோய் வந்தால் பி.எச்.ஐ. போக வேண்டும்.

எலிக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தாலே வார்டிலிருந்து எச் 544 என்ற அறிவித்தல் படிவம் வரும். அதை எடுத்துக்கொண்டு நான் நோயாளியின் வீட்டுக்குப் போக வேண்டும். எந்த வயலில் இறங்கினார், கூட யார் இறங்கினார்கள், வேறு யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று விசாரிக்க வேண்டும். சேற்றில் இறங்குகிறவர்களுக்கு வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் குளிசை கிடைக்கச் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் எச் 411 படிவத்தை நிரப்ப வேண்டும். கொழும்புக்குப் போகும் வாராந்த அறிக்கை இப்படி விசாரித்த கணக்கை நம்பித்தான் தயாராகிறது.

மகா போகத்துக்கு வயலைப் பண்படுத்தும் காலத்தில் அந்தக் கிராமத்திலிருந்து முதல் படிவம் வந்தது. ரிவர்ஸ்டன் பாதையில் மழை, மூடுபனி, ஆளைத் தள்ளும் காற்று. மோட்டார் சைக்கிளில் ஏற எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அதே பாதையில் ஆசிரியர்களும் பிள்ளைகளும் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஆகவே பயத்தை மட்டும் காரணமாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. என்னிடம் கர்வம் இருந்தது. என் படிவங்கள் ஒருநாளும் பிந்தியதில்லை. மாதாந்தக் கூட்டத்தில் அதற்காகவே என்னைப் பாராட்டுவார்கள். மழை விடும்வரை காத்திருந்தால் அந்தப் பெயர் கெடும்.

கீழே கடைக்கு வந்திருந்த நோயாளியின் உறவினரிடம் சில கேள்விகள் கேட்டேன். அலுவலகத்துக்குத் திரும்பி 411-ஐ நிரப்பினேன். வீட்டுக்குச் சென்ற திகதியாக அன்றைய திகதியைப் போட்டேன். வேறு யாருக்காவது காய்ச்சல் உண்டா என்பதற்கு "இல்லை" என்று எழுதினேன். அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்கவே இல்லை. பதில் தெரியாமலே எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஒருவர் வயலில் மற்றவர் இறங்கி உதவுவது அங்கே வழக்கம். நோயாளியின் வயலில் உழைத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்போதே காய்ச்சல் தொடங்கியிருந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் விழுங்கினார். கெண்டைக்கால் வலித்தது. கண் சிவந்தது. சிறுநீர் குறைந்தது. இவை எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் என்று அவருக்குச் சொல்ல வேண்டியவன் நான். சிறுநீரகம் செயலிழந்த பிறகுதான் அவரைக் கீழே கொண்டுவந்தார்கள். வார்டில் இறந்துபோனார். முதல் நோயாளி பிழைத்துக்கொண்டார்.

இரண்டாவது எச் 544 என் மேசைக்கு வந்தது. அதே கிராமம். அதே வயல். அன்றும் மழைதான். அன்று போனேன்.

இறந்தவரின் மனைவியிடம் டொக்சிசைக்கிளினைக் கொடுத்து, சேற்றில் இறங்குமுன் குடிக்கச் சொன்னேன். "இதற்கு எவ்வளவு காசு, மாத்தயா?" என்று கேட்டார். காசு இல்லை என்றேன். "அப்படியென்றால் அவருக்கு ஏன் கிடைக்கவில்லை?" என்றார். மழை என்று சொன்னேன். அது என் இரண்டாவது பொய். அடுத்த போகத்தில் அவருடைய மூத்த மகன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வயலில் இறங்கினான்.

குளிசை எல்லோரையும் காப்பாற்றாது என்று சொல்லிச் சொல்லியே நெடுங்காலம் என்னைத் தேற்றிக்கொண்டேன். அது சரியாகவே இருக்கட்டும். அவருக்கு அப்போது தேவைப்பட்டது குளிசைகூட அல்ல. "இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று ஒருவர் வாசலில் நின்று சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது.

யாரும் என்னை விசாரிக்கவில்லை. படிவம் ஒழுங்காக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கிராமத்துச் சுகாதாரம் முழுவதும், போனேன் என்று எழுதுகிறவன் உண்மையாகவே போயிருப்பான் என்ற நம்பிக்கையில் நடக்கிறது. நான் அந்த நம்பிக்கையைத் திருடினேன். நான் சென்று விசாரித்ததாக அந்தப் பதிவு சொல்கிறது. அதை இங்கே திருத்துகிறேன். நான் போகவில்லை.