விரல் நுனியளவு

பிறந்த ஏழாம் நாள் முடி களைந்து, அதன் நிறைக்கு வெள்ளி தர்மம் செய்வதில் எங்களிடம் ஆண், பெண் பேதமில்லை. அதற்குப் பிறகுதான் பாதைகள் பிரிகின்றன. ஆண்பிள்ளை சலூன் கதிரைக்குப் போகிறான். அங்கே பேப்பர் இருக்கும், அரசியல் இருக்கும், கிரிக்கெட் இருக்கும். பெண்பிள்ளையின் முடியோ வீட்டுக்குள் போய்விடுகிறது. உம்மா எண்ணெய் வைப்பா, மூத்தம்மா பேன் பார்ப்பா, சாச்சி பின்னிவிடுவா. கலியாணம் பேச வருகின்ற பெண்கள் கொண்டையை அவிழ்த்து நீளம் பார்ப்பார்கள். அந்த முடியைச் சுமந்து திரிகின்றவளிடம் மட்டும் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

என் மகளுக்கு இடுப்பைத் தொடும் முடி. காலையில் குளித்துவிட்டு ஈரத்தோடு முடிந்து, அதன்மேல் பர்தாவைப் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போவாள். பகல் 2 மணிக்கு வந்து அவிழ்க்கும்போதும் உள்முடி காய்ந்திருக்காது. தலையிடி என்பாள். "கொஞ்சம் வெட்டட்டா வாப்பா?" என்று கேட்டால் "உம்மாட்டக் கேளு மகள்" என்பேன். அவளுடைய உம்மா "மூத்தம்மாட்டக் கேளு" என்பா. மூத்தம்மாவிடம் கேட்கும் துணிவு வீட்டில் எவருக்கும் இல்லை.

2020 டிசம்பரில் எங்கள் பக்கம் தனிமைப்படுத்தலில் அடங்கிக் கிடந்தபோது அவள் யாரிடமும் கேட்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தன் முடியில் தானே 'லேயர்' வெட்டினாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

லேயர் என்றால், கீழ் முடியின் நீளம் அப்படியே இருக்க, மேல் முடி குட்டையாகத் தொடங்கிப் படிப்படியாக இறங்கி வருவது. கிடுகு வேய்ந்த கூரை வரி வரியாக இறங்குமே, அப்படி. தடித்த முடியின் பாரம் குறையும், உள்ளே காற்றுப் போகும்.

முடி நன்றாகக் காய்ந்திருந்தது. ஈர முடி இழுபட்டு நீளமாகத் தெரியும், காய்ந்தால் மேலே ஏறிவிடும், கூட வெட்டிவிட்டோம் என்று அப்போதுதான் விளங்கும் என்றாள். சிக்கெடுத்தாள். தலையைக் குனிந்து, பிடரி முடி உட்பட எல்லாவற்றையும் முன்னால் வாரி, நெற்றிக்கு மேலே முடி தொடங்கும் இடத்தில் ஒரே குடுமியாக ரப்பர் பட்டி போட்டாள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. அடிமட்டத்தை வைத்து 25 சென்ரிமீற்றர் அளந்து, அந்த இடத்தில் இன்னொரு பட்டி. அதற்குக் கீழே கத்திரி. குறுக்காக ஒரே வெட்டில் அல்ல; அப்படி வெட்டினால் கோடு போட்டதுபோல் தெரியுமாம். கத்திரியை முடியின் போக்கிலேயே நிமிர்த்திப் பிடித்து, நுனி நுனியாகக் கொத்தினாள். தையல் பெட்டிக் கத்திரியை அவள் தொடவில்லை. துணி வெட்டித் தேய்ந்த கத்திரி முடியை வெட்டாது, கடிக்கும். புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தாள். எப்போது வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை.

எல்லா முடியும் ஒரே இடத்தில் வெட்டுப்படுகிறதே, லேயர் எங்கிருந்து வரும்? கணிதம் என் பாடமல்ல. உயர்தரத்தில் அவள் கணிதப் பிரிவு. கொப்பித் தாளில் ஒரு மண்டையை வரைந்து காட்டினாள். நெற்றி முடி பட்டியடியிலேயே முளைக்கிறது, ஆகவே அதற்கு 25 மிஞ்சும். உச்சி முடி பட்டிக்கு வருவதற்கு மண்டையின்மேல் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நடந்து வருகிறது, அதற்கு 40. பிடரி முடி 35 நடந்து வருகிறது, அதற்கு 60. வெட்டு ஒன்று, வந்த தூரம்தான் வேறு. குடுமியை உச்சியில் கட்டினால் இந்த வித்தியாசம் குறையும். பிடரியில் கட்டினால் லேயரே விழாது, நுனி மட்டும் வளையும். அவளுடைய பிடரி முடி 60க்குச் சற்றுக் கூடத்தான் இருந்தது. ஆகவே பின்னால் போனது விரல் நுனியளவு.

கத்திரிச் சத்தத்துக்கு உம்மா எழும்பி வந்தா. தரையில் கிடந்ததைப் பார்த்தா.

"கொமர்ப்புள்ளட முடியில கத்திரி வெச்சாச்சா? இது ஹறாமில்லையா மனெ?"

கேள்வி என்னிடம், பேத்தியிடம் அல்ல. ஹதீஸை எடுத்து வைத்து வீட்டுக்குள் வாதாடுவது எனக்கு விருப்பமில்லாத காரியம். என்றாலும் சொன்னேன். நபியவர்களின் மனைவியர் தங்கள் தலைமுடியைக் குறைத்து 'வப்ரா' அளவில் வைத்திருந்தார்கள் என்று அபூ ஸலமா இப்னு அப்துர் ரஹ்மான் அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பெண்கள் முடியைக் குறைத்துக்கொள்வது ஆகும் என்பதற்கு இமாம் நவவி இதை ஆதாரமாகக் கொள்கிறார். உம்மா கேட்டுக்கொண்டிருந்தா. முகம் இளகவில்லை.

மகள்தான் கேட்டாள்: "மூத்தம்மா, உம்ராவில ஒங்கட முடிய ஆரு வெட்டின?"

உம்மா பல தடவை சொன்ன கதை அது. ஸயீ முடிந்து, மர்வாப் பக்கம், கூட வந்த ஒரு பெண்ணிடம் சின்னக் கத்திரியை வாங்கி, பின்னல் நுனியை முன்னால் இழுத்துப் பிடித்து வெட்டியது. பெண்ணுக்கு மழித்தல் இல்லை, கத்தரித்தல்தான். விரல் நுனியளவு போதும்.

"நான்தான்" என்றா உம்மா. கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அது வேற."

வேறுதான். அது இபாதத், இது தலையிடி. அதில் உம்மாவுடன் எனக்கு வழக்கில்லை. ஆனால் பேத்தியின் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகில் கையை வைத்து அளந்து பார்த்தா. "நீளம் கெடக்கு" என்றா.

என் மனைவி ஈர்க்குமாற்றோடு வந்தபோதுதான் உம்மாவின் குரல் உயர்ந்தது. "கூட்டிக் குப்பையில போடாத. ஒடம்புட துண்டு." களைந்த முடியையும் நகத்தையும் மண்ணில் புதைப்பது விரும்பத்தக்கது என்று ஷாபி மத்ஹபின் நூல்களில் இருக்கிறது. எங்கள் பெண்கள் நூல் பார்த்துச் செய்வதில்லை. அவர்களுடைய உம்மாமார் செய்தார்கள், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் நாட்டில் எங்கள் மையித்துகளை எரித்துக்கொண்டிருந்தார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், கொரோனாவில் மௌத்தாகின்றவர்களை எரித்தேயாக வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்திருந்தது. அந்த டிசம்பரில், பிறந்து 20 நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரிக் கடைசியில்தான் விதி மாறி, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. உம்மாவுக்கு 70 கடந்திருந்தது, நெஞ்சிலே இழுப்பும் இருந்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

உம்மா குந்தியிருந்து, ஒற்றை ஒற்றை முடியாகப் பொறுக்கி, வெள்ளைத் துணித் துண்டொன்றில் சேர்த்தா. அலுமாரிக்கு அடியில் கிடந்ததையும் விடவில்லை. முருங்கை மரத்தடியில் மகள் மண்வெட்டியால் தோண்டினாள்.

"இன்னும் ஆழமா" என்றா உம்மா.

ஒரு முழம் போயிருக்கும். ஒரு பிடி முடிக்கு அது கூட.

"இன்னும் கொஞ்சம் புள்ள."

மகள் நிறுத்தவில்லை.