ஒருத்தி மட்டும் வென்றால்…

ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நிலைக்கு வரும் என்பார்கள் பெரியோர். இவ்வுண்மையை நாங்கள் ஒரு விளையாட்டின் மூலம் கற்றுக்கொண்டோம். அதுவும் ஒரு தோழியின் மனத்தைப் புண்படுத்திய பிறகே கற்றுக்கொண்டோம். அந்தக் கதையை இம்மலரின் வாசகர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

விடுதியில் தங்கிப் பயிலும் நாங்கள் ஐவர், சனிக்கிழமை மாலைகளில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை ஆடி வருகிறோம். எங்களுள் ஒருத்தியின் அக்கா தம் கல்லூரி நாட்களில் வாங்கிய விதிப் புத்தகத்தைக் கொடுத்து உதவினார். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்க, 1974-ஆம் ஆண்டில் வெளிவந்த விளையாட்டு இது. அதற்கு முன்பு, பொம்மை வீரர்களை மேசைமேல் அணிவகுத்து ஆடும் போர் விளையாட்டுகளில் ஒருவர் ஒரு படையையே நடத்துவது வழக்கம். இந்த ஆட்டத்திலோ ஒருவருக்கு ஒரே ஒரு கதாபாத்திரம். ஒருத்தி கதையை நடத்துவாள். மற்றவர்கள், "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் வாளை உருவுகிறேன்" என்று தத்தம் பாத்திரமாகவே பேசுவார்கள். செயல் பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். எங்களிடம் அப்பகடை இல்லை. ஆகவே 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். இதில் எங்களுக்குள் எதிரணி கிடையாது. கூடி வெல்வதே ஆட்டம்.

எங்களுள் ஒருத்தி சென்ற ஜூன் மாதம் தொலைவிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து வந்து சேர்ந்தவள். வகுப்பில் எழுந்து நின்றால் அவளுக்குக் குரலே வராது. உணவறையிலும் ஒதுங்கியே அமர்வாள். அவளையும் விளையாட அழைத்தோம். எங்களுக்கு ஒரு மந்திரக்காரியும், காயம் ஆற்றும் துறவியும், பூட்டுத் திறக்கும் கள்ளியும் இருந்தார்கள். அவள் வாள்வீராங்கனை ஆனாள். முதல் வாரமே, குகை வாயிலில் பூதம் உறுமியபோது, "எல்லாரும் பின்னால் நில்லுங்கள்! நான் பார்த்துக்கொள்கிறேன்!" என்று கூவினாள். அக்குரல் தாழ்வாரம் வரை கேட்டது. நாங்கள் வாயடைத்துப் போனோம்.

கதை நடத்தும் தோழிக்கு ஒரே மகிழ்ச்சி. இவள் பேசவேண்டும் என்பதற்காகவே வாரம் ஒரு பரிசு வழங்கினாள். தீ உமிழும் வாள், அரக்க வலிமை தரும் கையுறை, காக்கும் மோதிரம், காக்கும் மேலங்கி, சிறகுக் காலணி, மந்திரக் கேடயம் என்று அவை குவிந்தன. காலாண்டுத் தேர்வு வருவதற்குள் அவளுடைய காப்பு எண் 24 ஆகிவிட்டது. காப்ளின் என்னும் குட்டிப் பூதம் தாக்கினால், எடுத்த சீட்டோடு 4 கூட்டிக்கொள்ளும். ஆகவே 20 என்ற சீட்டு வந்தால்தான் அவள்மேல் அடி விழும். இருபதில் ஒரு வாய்ப்பு! துறவியின் காப்பு எண் 16. மந்திரக்காரிக்கோ வெறும் 13.

பிறகென்ன? மந்திரக்காரி வாயைத் திறக்கும் முன்பே எதிரிகள் மாண்டு கிடந்தனர். துறவிக்கு ஆற்றுவதற்குக் காயமே இல்லை. கள்ளியாக ஆடியவள் ஆட்டத்தின் நடுவே ரெக்கார்டு நோட்டில் படம் வரையத் தொடங்கினாள். இன்னொருத்திக்குச் சனிக்கிழமைதோறும் தலைவலி வந்தது.

எதிரியை வலியவனாக்கினால் சரியாகிவிடும் என்று எண்ணினோம். சீட்டோடு 12 கூட்டிக்கொள்ளும் ஓர் அரக்கன் வந்தான். வீராங்கனையை அடிக்க அவனுக்கு இருபதில் ஒன்பது வாய்ப்பு. நல்ல போட்டிதான். ஆனால் அதே அரக்கனுக்குத் துறவியை அடிக்க இருபதில் பதினேழும், மந்திரக்காரியை அடிக்கப் பத்தொன்பதும் வாய்ப்பு இருந்ததை நாங்கள் கணக்கிடவில்லை. இருவரும் முதலில் வீழ்ந்தார்கள். வீராங்கனை மட்டும் நின்றாள்.

இந்தத் தொல்லை ஆட்டத்தைப் படைத்தவரையே விடவில்லையாம். மிகவும் வலிமை பெற்றுவிட்ட பாத்திரங்களைச் சோதிப்பதற்காகவே கைகாக்ஸ் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்னும் கல்லறைக் கதையை அமைத்தார். 1975-இல் ஒரு விளையாட்டு மாநாட்டில் ஆடப்பட்ட அது, 1978-இல் நூலாக வந்தது. அங்கே வாள் வலிமை பயன்படாது. அவசரப்பட்டுக் கை வைத்தால் பொறியில் மாளவேண்டியதுதான். இதைப் படித்த நாங்களும் ஒரு பொறி வைத்தோம். வீராங்கனை உறங்கும்போது திருடர்கள் வந்து அத்தனையையும் கவர்ந்து செல்வதாகக் கதை. அவளுக்குத் தெரியாமல் நால்வரும் கூடிப் பேசி முடித்த கதை அது.

அன்று மாலை அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நேராகக் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனே" என்றாள். கையிலிருந்த சீட்டை டப்பாவில் போட்டுவிட்டு எழுந்து போனாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. உணவறையில் மீண்டும் தனியே அமர்ந்தாள்.

எங்கள் வாட்டம் விடுதி சிஸ்டரின் கண்ணுக்குத் தப்பவில்லை. நடந்ததைக் கேட்டவர், "பிள்ளைகளா, த்ரோபாலில் ஒருத்தியே பாய்ந்து பாய்ந்து எல்லாப் பந்தையும் பிடித்தால் மற்ற ஆறு பேரும் வேடிக்கை பார்க்கவேண்டியதுதான். அதற்காக அவள் கையைக் கட்டிவிடுவீர்களா? அவளை எங்கே நிறுத்துவது என்று பாருங்கள்" என்றார்.

அன்றிரவே அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். ஐவரும் சேர்ந்து விதிப் புத்தகத்தைப் பிரித்தோம். அணிந்தவரோடு பிணைந்தால்தான் வேலை செய்யும் மந்திரப் பொருள்களில் மூன்றுக்குமேல் ஒருவர் ஒரே காலத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்று அதில் இருந்தது. அவளிடம் அத்தகையவை ஐந்து! விதியைப் படிக்காமல் வாரி வழங்கிய தவறு எங்களுடையது. திருட்டுக் கதையை அழித்தோம். அவள் வாள், கையுறை, காலணி மூன்றையும் வைத்துக்கொண்டாள். மோதிரத்தைத் துறவிக்கும், மேலங்கியை மந்திரக்காரிக்கும் தந்து, "நீங்கள்தான் அடிக்கடி விழுகிறீர்கள்" என்று சிரித்தாள்.

கதை நடத்துபவளும் வழியை மாற்றினாள். ஒரே பெரிய அரக்கனுக்குப் பதில் பல சிறு எதிரிகள் பல திசையிலிருந்து வந்தார்கள். எவ்வளவு வலியவளும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில்தானே நிற்கமுடியும்? பூட்டிய கதவும், படிக்கவேண்டிய கல்வெட்டும், வாளால் வெல்லமுடியாத ஊர்த்தலைவரின் பிடிவாதமும் வந்தன. அரையாண்டு விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை, ஒரு குறுகிய பாலத்தில் வீராங்கனை தனித்து நின்று நாற்பது காப்ளின்களைத் தடுத்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் கள்ளி பூட்டைத் திறக்க, மந்திரக்காரி கல்வெட்டைப் படிக்க, துறவி சிறைப்பட்ட ஊராரை வெளியேற்றினாள். ரெக்கார்டு நோட்டை யாரும் தொடவில்லை. எங்களுள் மிக வலியவள் இன்றும் அவளே. அந்த வலிமையில் இப்போது எங்கள் அனைவருக்கும் பங்குண்டு.

தோழியரே! வல்லவரைக் கண்டு பொறாமைப்படுவதும், அவரை மட்டம் தட்டச் சூழ்ச்சி செய்வதும் எளிது. முகத்தைப் பார்த்துப் பேசுவதுதான் கடினம். ஆனால் அதுவே பலன் தருகிறது.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் காட்டினோம். "அவளிடமிருந்த இரண்டு பொருள்களைப் பிரித்துக்கொண்டோம்" என்று நாங்கள் எழுதியிருந்த வரியை அவள் அடித்தாள். "நான் தந்தேன் என்று எழுதுங்கள்" என்றாள். அவ்வாறே எழுதியிருக்கிறோம்.

— விடுதி மாணவியர் ஐவர், பதினோராம் வகுப்பு