கருவாட்டுப் பொறி

யாப்பும் அணியும் கற்பிப்பவனுக்குப் பூச்சிகளோடு என்ன வழக்கு என்று மாணவர்கள் வினவக்கூடும். வழக்கு உண்டு. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் கொல்லை முழுவதும் கடல்மணல். பழவேற்காட்டில் பிறந்த என் தாயார் அம்மணலைக் காணுந்தோறும், "இதிலே முலாம்பழம் நல்லா வரும், தம்பி" என்பார்கள். கடைவீதியில் கிர்ணி என்று கூவி விற்கப்படும் அதே பழந்தான். ஏனோ உம்மாவுக்கு அப்பெயர் பிடிப்பதில்லை. நோன்புக் காலத்தில் சொந்தக் கொடியில் பழுத்த ஒரு பழத்தைத் தம் கையால் அறுத்துப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது அவர்களது நெடுநாளைய ஆசை.

2023ஆம் ஆண்டு சனவரியில் குழியெடுத்து, மக்கிய எருவிட்டு விதைத்தேன். வித்திலைகள் விரிந்தவுடனே செம்மஞ்சள் நிற வண்டுகள் வந்து அவற்றைச் சல்லடையாக்கின. தப்பிப் பிழைத்த கொடிகள் பூக்கத் தொடங்கிய வேளையில் மீண்டும் வண்டு. கடையொன்றில் கேட்டேன், ஒரு புட்டியைத் தந்தனர். கல்லூரிக்குப் புறப்படும் அவசரத்தில், காலை எட்டு மணிக்கு, மலர்ந்திருந்த பூக்களின் மீதே தெளித்துவிட்டுச் சென்றேன். மாலையில் திரும்பியபோது கொடியின் கீழே தேனீக்கள் இறந்து கிடந்தன. முலாம்பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும். தேனீ மகரந்தம் கொணராவிடில் காய் பிடிக்காது. இது எனக்கு அன்று தெரியாது. உம்மா கடிந்துகொள்ளவில்லை. "இந்தக் கொடியிலே காய்ச்சா எனக்கு வேணாம்" என்று மட்டும் கூறினார்கள். அச்சொல் என்னைச் சுட்டது. பிடித்த சில காய்களும் உள்ளே புழுத்து அழுகின. அவற்றை எருக்குழியில் எறிந்தேன். அது எத்துணைப் பெரிய பிழை என்பது பின்னரே விளங்கிற்று.

மறு ஆண்டு, விதைப்பதற்கு முன்னரே படிக்கத் தொடங்கினேன். முதலில் வந்தது பூசணி வண்டு. கொடியின் அடியில் ஈரமண்ணில் அது முட்டையிடும். புழுக்கள் வேரைத் தின்னும். வளர்ந்த வண்டு இளந்தளிரை அழிக்கும். விடியற்காலைக் குளிரில் அது மந்தமாக இருக்குமாதலால், கையால் பொறுக்கிச் சோப்புநீரில் போடலாம். இலைமீது பனி உலருமுன் சாம்பல் தூவுவது நம் முன்னோர் வழக்கம். எங்கள் பகுதியில் சாம்பல் என்றாலே அனல்மின் நிலையந்தான் நினைவுக்கு வரும். நண்பர் ஒருவர் அதில் ஒரு மூட்டை தருவிப்பதாகவும் சொன்னார். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக் முதலிய நச்சுத் தனிமங்கள் உண்டு. உண்ணும் பயிரில் அதைத் தூவ மனம் ஒப்பவில்லை. திருமணங்களுக்கு விறகடுப்பில் சமைக்கும் பண்டாரியிடம் ஒரு வாளி கேட்டு வாங்கினேன். அடிமண்ணையும் கொத்திக் கிளறிவிட்டேன்.

புள்ளி வண்டுகளில் ஓர் ஏமாற்று உண்டு. பளபளப்பான முதுகுடைய பொறிவண்டு அசுவினியைத் தின்னும் நண்பன். மங்கிய செம்பு நிறமும் நுண்மயிரும் உடையது எபிலாக்னா; அது இலையைச் சுரண்டித் தின்னும். முந்தைய ஆண்டு இரண்டையும் வேறுபாடின்றி நசுக்கியிருக்கிறேன். அசுவினிக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, பூக்கள் கூம்பிய பின் மாலையில் தெளித்தேன்.

உண்மையான பகை பழ ஈதான். செம்பழுப்பு உடல், மார்பில் மஞ்சள் வரிகள். இளங்காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். துளையிலிருந்து பிசின் கசியும். அதுவே அடையாளம். உள்ளிருக்கும் புழுவை எந்த மருந்தும் எளிதில் எட்டாது. வளர்ந்த புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாக எழும். எருக்குழியில் நான் எறிந்தவை மறுதலைமுறைக்கு நானே இட்ட விருந்து!

வேளாண் நூல்களில் மீன்தூள் பொறி ஒன்று கூறப்பட்டுள்ளது. ஆறு துளையிட்ட பாலித்தீன் பையில் நனைத்த மீன்தூள் 5 கிராம், பஞ்சில் ஒரு துளி டைக்குளோர்வாஸ். அந்நஞ்சு 2020ஆம் ஆண்டின் இறுதியோடு நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது, நல்லதே. இதை உம்மாவிடம் சொன்னபோது, "கருவாட்டுக்கு ஈ வர்றதைப் புத்தகத்திலேயா படிக்கணும்?" என்று சிரித்தார்கள். காசிமேட்டுக் கருவாட்டுத் தூளை வாங்கி வந்து பையில் கட்டினேன். முதலிரவே பூனைகள் கிழித்தெறிந்தன. பின்னர்த் துளையிட்ட குடிநீர்ப் புட்டிகளின் அடியில் சோப்புநீர் ஊற்றி, மேலே கருவாட்டுத் தூளைத் துணியில் முடிந்து, பூனை எட்டாதபடி கம்பியில் தொங்கவிட்டேன். கியூலூர் என்னும் கவர்ச்சிப்பொருள் ஆண் ஈக்களையே ஈர்க்கும். முட்டை முதிரப் புரதம் வேண்டும் பெண் ஈயோ கருவாட்டு நாற்றத்தையும் நாடும். பிஞ்சுகளுக்குக் காகிதப் பைகளை மாட்டினேன். துளை கண்ட காய்களை அன்றன்றே பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டேன்.

இவ்வீயை ஒழிக்க ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளில் 1972 முதல் 1993 வரை இருபதாண்டுகளுக்கும் மேலாக உழைத்தனர். மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்துப் பறக்கவிட்டு, இனப்பெருக்கத்தையே அறுத்தனர். கடல் சூழ்ந்த தீவுக்கு அது இயன்றது. என் கொல்லைக்குச் சுற்றுச்சுவர் மட்டுமே. பக்கத்து வீட்டுப் பீர்க்கங்கொடியிலும் அதே ஈ குடியிருக்கிறது. அவ்வீட்டாரிடமும் இரண்டு புட்டிகளைக் கொடுத்தேன். கருவாட்டு நாற்றத்தைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் கூறாதது பெருந்தன்மை.

2024ஆம் ஆண்டு, இருபத்தேழாம் நோன்பன்று, காம்பிலிருந்து தாமே கழன்ற நான்கு பழங்களை உம்மாவின் முன் வைத்தேன். ஒவ்வொன்றையும் கையிலெடுத்து உருட்டிப் பார்த்து, முகர்ந்து, அறுத்தார்கள். மூன்று நன்றாக இருந்தன. நான்காவதில் புழு.

"இதைப் பையிலே கட்டி வெயில்லே போடு, தம்பி. எருக்குழி பக்கம் போயிடாதே" என்றார்கள். பிறகு முதல் துண்டைத் தட்டில் வைத்துப் பக்கத்து வீட்டிற்குக் கொடுத்தனுப்பினார்கள்.