சுரங்கத்தில் தூங்கும் இறால்!

வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்துகிறது. சுரங்கத்தின் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தால், சில்லென்று முகத்தில் அடிக்கிறது காற்று. கூடவே உப்பும் கடலும் கலந்த வாசனை. இருபுறமும் பீப்பாய் பீப்பாயாக ஊறிக்கொண்டிருப்பது சின்னஞ்சிறு இறால்!

தென்கொரியாவின் மேற்குக் கடற்கரைப் பக்கம் இருக்கிறது க்வாங்சோன். தலைநகர் சியோலிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மீன், இறால், சிப்பி எதுவானாலும் உப்பிட்டு ஊறவைத்தால் கொரியர்களுக்கு அது 'ஜோத்கல்'. இறாலில் செய்தால் 'சேவுஜோத்'. கிம்ச்சிக்கு ருசி கூட்டுவதும், வேகவைத்த பன்றி இறைச்சிக்குத் தொட்டுக்கொள்வதும் இதுதான்.

ஒரு காலத்தில் இந்த ஊருக்குப் படகுகள் வந்துபோயின. பிறகு துறையில் சேறு படிந்து, படகு வரத்து நின்றது. ஆனால் இறால் வியாபாரம் ஊரை விட்டுப் போகவில்லை. தங்கம் தேடித் தோண்டிக் கைவிட்ட சுரங்கத்தில் இறாலை வைத்துப் பார்த்தார் ஊர்க்காரர் ஒருவர். கெடவில்லை, ருசி கூடியிருந்தது. மற்றவர்களும் பாறையைக் குடைந்தார்கள். கோடையோ பனியோ, உள்ளே 14, 15 டிகிரிதான்.

இறால் சீக்கிரம் கெடும் என்பதால், பிடித்த படகிலேயே உப்பிடுகிறார்கள். உப்பு நீரை இழுத்துக்கொள்வதால், அழுகவைக்கும் பாக்டீரியாக்களால் பெருக முடியாது. இறாலின் உடலிலுள்ள நொதிகளே புரதத்தை மெல்ல உடைத்து ருசியாக்குகின்றன. சந்திர நாள்காட்டியின் ஆறாம் மாதத்தில் பிடிக்கும் கொழுத்த இறாலில் செய்யும் 'யுக்ஜோத்'துக்குத்தான் விலை அதிகம். இலையுதிர்கால இறாலில் செய்யும் 'சூஜோத்' கிம்ச்சிக்குப் போகும்.

உப்பு இருந்தால் பயமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது.

2019-ல் தென்கொரியாவில் ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் தொற்று பரவியது. அந்த ஆண்டில் மட்டும் 17,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அரசு விசாரித்தபோது, முக்கியக் காரணமாகச் சிக்கியது சிப்பி ஜோத்கல். பாதுகாப்பு உறுதியாகும் வரை அதைச் சாப்பிட வேண்டாம் என்று அறிவித்தார்கள். சிப்பி கடல்நீரை வடிகட்டி இரை எடுக்கும் உயிர். நீரில் கழிவு கலந்தால் வைரஸ் அதன் உடலில் சேரும். உப்பு பாக்டீரியாவைத்தான் அடக்கும். இந்த வைரஸை ஒழிக்காது. அதை அழிக்க நன்றாக வேகவைக்க வேண்டும். ஜோத்கலையோ பெரும்பாலும் பச்சையாகத்தான் சாப்பிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம்... ரத்த அழுத்தத்துக்குப் பயந்து உப்பைக் குறைத்த ஜோத்கலும் இப்போது கிடைக்கிறது. நாக்குக்கு இதம்தான். ஆனால், காவல் காக்கும் உப்பே குறைந்துவிட்டதால் அதற்கு ஃபிரிட்ஜ் கட்டாயம்.

க்வாங்சோன் போகிறவர்கள் வாங்கும் முன் கொஞ்சம் கவனிக்கலாம். இறால் குழையாமல் முழுசாக இருக்கிறதா? லேசான இளஞ்சிவப்பு தெரிகிறதா? கெட்ட வாடை இல்லையே? சிப்பி வகை என்றால், பரிசோதனை செய்த சரக்குதானா என்று கேட்டுவிடுங்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் சிப்பியைப் பச்சையாகத் தொடாமலிருப்பதே நல்லது.

சுரங்கம் ருசியைக் காப்பாற்றும். கடல் சுத்தமாக இருந்தால்தான் அந்த ருசி நம்மைக் காப்பாற்றும்!